முளை பார்க்கும் நாள்

கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. இருளாயி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வேறு யாரோ செய்கிற வேலையைப் பார்க்கிற மாதிரி. இடது கை புல்லை விலக்கும். வலது கை களைக்கொத்தின் முனையை மண்ணுக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பும். கோரையோ குப்பைமேனியோ வேரோடு வந்து கூடையில் விழும். குத்தவைத்த வாக்கிலேயே ஒரு எட்டு நகர்வாள். மறுபடி இடது கை புல்லை விலக்கும். மத்தியானச் சோறு தின்றுவிட்டு வந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. சோறு தின்றோமா என்று ஒரு தடவை யோசித்தாள். தூக்குச்சட்டி காலியாகக் கிடக்கிறது, அப்படியானால் தின்றுதான் இருக்க வேண்டும். பூங்காவின் பெரிய புல்தரையைக் கோடை முழுக்க ஜனங்கள் மிதித்து மிதித்து, அங்கங்கே சொட்டைத் தலை மாதிரி ஆகிவிட்டது. நாளைக் காலையில் புதுசாக விதை தூவப் போகிறார்கள். பொடியிலும் பொடியான அருகம்புல் விதை, மணலோடு கலந்து, கிழக்கு மேற்காக ஒரு தடவை, தெற்கு வடக்காக ஒரு தடவை. அதற்குள் தானாக முளைத்தது எதுவும் தரையில் நிற்கக் கூடாது. மேஸ்திரி சந்தனம் காலையிலேயே சொல்லிவிட்டார்: "புல்லைத் தவிர எது தலைகாட்டுனாலும் களைதான். ரோசாப்பூவே மொளைச்சிருந்தாலும் சரி, பிடுங்கிப் போட்டுட்டு வாங்க." வருசா வருசம் சொல்கிற அதே பேச்சு. ஆனால் இந்த வருசம் இருளாயியைப் பார்க்காமல் சொன்னார். இப்போதெல்லாம் யாரும் அவளை நேராகப் பார்ப்பதில்லை. மகனைப் புதைத்த மண் காயவில்லை, அதற்குள் வேலைக்கு வந்துவிட்டாளே என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். வீட்டில் இருந்தால் அழ வேண்டும். துட்டி கேட்க வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து முடித்ததும், முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டே இவள் கண்ணைத்தான் பார்க்கிறாள், நனைந்திருக்கிறதா என்று. நனையவில்லை. ஒரு பொட்டு இல்லை. உள்ளே எங்கோ ஒரு குழாய், அதன் திருகை யாரோ இறுக்கி மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நெம்பு. கூடை. ஒரு எட்டு.

இன்றைக்கு எட்டாம் நாள். பொழுது சாய முளை பார்க்கப் போக வேண்டும். அவர்கள் வகையறாவில் அப்படித்தான். புதைத்த மறுநாள் குழிமேட்டில் பால் ஊற்றி நவதானியம் தூவுவார்கள். எட்டாம் நாள் வீட்டுப் பெண்கள் போய்ப் பார்ப்பார்கள். பச்சென்று முளைத்து நின்றால், போனவன் மனம் குளிர்ந்து போயிருக்கிறான். முளைக்காவிட்டால் வீட்டில் யார் மேலோ மனத்தாங்கலோடு போயிருக்கிறான். யார் மேல் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமலா போகும். ஒச்சம்மா மதினி இருக்கிறாள். இருளாயியின் புருசனுக்கு அக்காள். அவன் செத்த பிறகும் அந்த வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவள் சொல்தான் முதல் சொல். நேற்று வாசலில் உட்கார்ந்து வெற்றிலை கிழித்துக்கொண்டே, உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே பேசினாள்: "மொளைச்சிருந்தா அவ இருக்கட்டும். நான் ஏன்னு கேக்க மாட்டேன். மொளைக்கல, கருமாதி அன்னைக்கே பொட்டி படுக்கையத் தூக்கி வெளியில வச்சிருவேன், சொல்லிட்டேன். பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியாதாடி? புருசன் நெஞ்சு நிக்கிற வரைக்கும் அப்பிடி என்ன தூக்கம்? நாம பூ வச்சுப் பரிசம் போட்டு எடுத்தவளா அவ? தானா வந்து மொளைச்சவ தான?" உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மறுபடி தேய்க்கிற சத்தம். சுகந்தி. மருமகள். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவள், வேறு சாதிப் பிள்ளை. ஒருநாள் விடியக்காலை ஒரு கட்டைப்பையோடு வாசலில் வந்து நின்றாள். மகன் அழகுராசா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பரோட்டாக் கடை மாவு இன்னும் முழங்கையில் ஒட்டியிருக்க, தலையைச் சொறிந்தான். "யம்மா, இவதான்" என்றான். இவதான் என்றால் எவள் என்று இருளாயி கேட்கவில்லை. காபி குடிச்சியா தாயி என்றுதான் கேட்டாள். அன்றைக்கே அவளுடைய ஆட்கள் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். பெட்டி படுக்கையை வெளியே வைத்தால் அது எந்தத் தெருவுக்குப் போகும், எந்தக் கதவைத் தட்டும். அதை நினைத்தால் நெஞ்சில் ஏதாவது செய்ய வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. மரத்துப் போன காலில் எறும்பு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

முளைத்திருந்தது. அதுதான் விசயம். நன்றாகவே முளைத்திருந்தது. காலையில் வேலைக்கு வருமுன் குழிமேட்டுக்குப் போனபோது கண்ணால் பார்த்தாள். பார்த்தாளா? பார்த்திருக்க வேண்டும். கை பார்த்தது. இந்தக் கை இருக்கிறதே, இது ஒரு தனிப் பிறவி. எங்கே உட்கார்ந்தாலும் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு நின்றால் பிளாட்பாரக் கல் இடுக்கில் முளைத்த பூண்டைக் கிள்ளும். கோயில் பிரகாரத்தில் சாமி வெளியே வருகிற வரைக்கும் உட்காரச் சொன்னால், சாமி வருவதற்குள் தன்னைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குத் தரையை மொட்டையடித்துவிடும். கூடக் களை எடுக்கிற முத்துப்பேச்சி மகள் கல்யாண வரவேற்பில், மண்டபத்துப் புல்தரையில் பட்டுச்சேலையோடு குத்தவைத்து இவள் கோரை பிடுங்கியதை வீடியோக்காரன் படம் எடுத்து, கேசட்டில் பொண்ணு மாப்பிள்ளைக்கு அடுத்து இவள்தான் அதிகம் வருகிறாள் என்று முத்துப்பேச்சி இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அழகுராசா சொல்வான்: "யம்மா, ஒன்னயக் கொண்டுபோயி காட்டுல விட்டா ரெண்டே நாள்ல காட்டையே வழிச்சு எறிஞ்சிருவ." அவனுக்குப் பரோட்டாக் கடையில் வேலை, கையைப் பற்றி அவனுக்குத் தெரியும். மாவை வீசி வீசி, தூங்கும்போதும் அவன் விரல் எதையோ பிசையும். அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தடவை அவளுக்குக் கண் காட்டக் காத்திருந்தபோது, தூணோரம் முளைத்திருந்த கீழாநெல்லியை நோக்கி இவள் கை போக, அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டான். "கையச் சும்மா வையிம்மா." விடவேயில்லை. டாக்டர் கூப்பிடுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், மாவு மணக்கிற கையால். அந்த இடம், மணிக்கட்டில் அந்த இடம் எது என்று இப்போது பார்த்தாள். மண்ணும் வளையலும்தான் இருந்தது. காலையில் அவன் பிடிக்கவில்லை. அவன் மண்ணுக்குள் இருந்தான், இவள் மேலே குத்தவைத்திருந்தாள். செம்பில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றிவிட்டு, சும்மா, ஒன்றையும் நினைக்காமல், கிழக்கே வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகலாம் என்று செம்பை எடுக்கக் குனிந்தபோது மடி நிறையப் பச்சையாக இருந்தது. பச்சைப்பயறு, உளுந்து, கோதுமை, கடலை, வேரில் ஈரமண் ஒட்டியபடி, இவள் எப்போதும் அடுக்குகிற மாதிரி தலை ஒரு பக்கம் வேர் ஒரு பக்கமாக அடுக்கி. குழிமேடு வழித்த சட்டி மாதிரி இருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. அவளுக்குத் தெரியும், அவள் வேலையில் மிச்சம் இருக்காது, மேஸ்திரியே சொல்வார்.

அப்போதும் அழுகை வரவில்லை. மடியை உதறினாள். சேலையைத் தட்டிவிட்டாள். பிடுங்கினதை இடுகாட்டு வேலிக்கு அந்தண்டை எறிந்துவிட்டு, அங்கே ஒரு ஆடு வந்ததையும் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததிலிருந்து போகவில்லை, புல்தரையில் கோரைக்கிழங்கு மாதிரி, மேலே கிள்ள அடியில் தளிர்க்கிறது. கை தெரியாமல் செய்ததா, தெரிந்து செய்ததா? கைக்குக் களை எது பயிர் எது என்று தெரியாதா என்ன. புல் நுனிக்கும் கோரை நுனிக்கும் கண் மூடித் தடவினாலே வித்தியாசம் சொல்லும் கை. பயறு முளையைத் தொட்டதும் அதற்குத் தெரிந்திருக்காதா? ஒச்சம்மா வாயால் சொன்னதை இந்தக் கை செய்து காட்டிவிட்டதா? பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியாதா. அந்தக் கேள்வியை ஒச்சம்மா கேட்பதற்கு முன்பே, அன்றைக்குக் காலையில், அவரு எந்திரிக்கல அத்தை, எந்திரிக்க மாட்டேங்கிறாரு அத்தை என்று சுகந்தி வந்து இவள் தோளை உலுக்கியபோதே, இவள் மனதில் முதலில் வந்தது அதுதானே. அய்யோ மகனே என்பது வரவில்லை. நீ என்னடி செஞ்சுக்கிட்டு இருந்த என்றுதான் வந்தது. வாய்க்கு வரவில்லை, ஆனால் வந்தது. அது யாரும் விதைத்ததில்லை. எங்கிருந்து விழுந்ததோ, தானாகக் கிடந்து, தானாக முளைத்தது. அப்புறம் கொஞ்சம் தாமதமாக இன்னொன்றும் வந்தது: நீயும் அங்கேதானே படுத்திருந்தாய் இருளாயி. ஒரே அறை வீடு. நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் சுவர். அவன் நடுச்சாமத்துக்கு மேல் வந்து, கை கால் கழுவி, சுகந்தி போட்ட இடத்தில் படுத்து, ஒரு தடவை இருமினான். அந்த இருமலை இருளாயி கேட்டாள். கேட்டுவிட்டு இந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? அதை யாரும் கேட்கவில்லை. எட்டு நாளாக, அழவில்லையே என்று பார்க்கிறார்களே தவிர, அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழாய் திறந்திருக்குமோ என்னவோ. நெம்பு. கூடை. ஒரு எட்டு. எட்டும் எட்டும் சேர்ந்து எங்கே வந்துவிட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

புறா மூலை. புல்தரையின் வடக்குக் கோடியில், வேப்பமரத்தடியில், கடைத்தெருச் சேட்டு ஒருவர் தினம் விடியலில் வந்து புறாக்களுக்குத் தானியம் இறைப்பார். வாரத் தொடக்கத்தில் அடித்த மழையில் புறாக்கள் வரவில்லை போல. இறைத்ததெல்லாம் அப்படியே ஊறிக் கிடந்து முளைத்துவிட்டது. புல் செத்துச் சொட்டையான அந்த வட்டம் முழுக்க, யார் கண்ணும் படாமல், கொழுகொழுவென்று. கோதுமை ஊசி மாதிரி நின்றது. பச்சைப்பயறு ரெண்டு இலையை விரித்துக்கொண்டு, கையை விரித்து இல்லை என்று சொல்கிற சின்னப் பிள்ளை மாதிரி. கடலை. நடுநடுவே கம்பும் சோளமும். இருளாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கை விலக்கப் போனது. வலது கை கொத்தோடு போனது. போய், பயறின் அடியில் முனை தொட்டதும் நின்றது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அதுவாக நின்ற கையை அவள் அதிசயமாகப் பார்த்தாள். இது என்ன புதுசு. ஒரு வெட்டுக்கிளி கூடை விளிம்பில் வந்து உட்கார்ந்து எழும்பிப் போயிற்று. தூரத்தில் மேஸ்திரி தண்ணீர்க்காரனைத் திட்டுகிற சத்தம். காலையில் மடியில் இருந்தது இதுதானே, இதே பயறு, இதே கோதுமை. உளுந்து இல்லை, எள் இல்லை. கம்பும் சோளமும் நவதானியத்தில் சேராது. ஒச்சம்மா மதினி காடு கரையில் வளர்ந்தவள், குழிமேட்டில் கம்பு நின்றால் அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். இதெல்லாம் யோசித்தது யார் என்று இருளாயிக்குத் தெரியவில்லை. கொத்தை ஆழமாக விட்டு, வேர் அறுபடாமல், ஒரு பிடி மண்ணோடு பத்தையாகப் பெயர்த்தாள், சொட்டை விழுந்த இடத்தில் புல் பத்தை வைத்து அடைக்க நாற்றுப் பாத்தியில் பெயர்ப்பார்களே, அந்த மாதிரி. பெயர்த்து, காலித் தூக்குச்சட்டிக்குள் வைத்தாள். இன்னொரு பத்தை. இன்னொன்று.

"என்னக்கா, குப்பையக் கூடையில போடாம சட்டியில போடுற?" முத்துப்பேச்சி அடுத்த வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தாள். "மொளைகட்டுன பயிறாக்கும்? பேசாம உப்பு போட்டுத் தாளிச்சிரு. டாக்டர் எல்லாம் அதத்தான் திங்கச் சொல்றாரு, சுகருக்கு." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சட்டிக்குள் மறுபடி பார்த்தாள். இருளாயியின் முகத்தைப் பார்த்தாள், இந்த எட்டு நாளில் முதல் தடவையாக நேராக. அப்புறம் மேஸ்திரி இருக்கிற திசையைப் பார்த்தாள். குத்தவைத்தபடியே நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டிக்குள் கையை விட்டு, கம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி வெளியே போட்டாள். சோளத்தையும். "இது ஆகாதுக்கா" என்று மட்டும் மெல்லச் சொன்னாள். ரெண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினார்கள். தண்ணீர்க்குழாயில் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து முத்துப்பேச்சி பத்தைகளின் மேல் பிழிந்துவிட்டாள். "வெயில்ல தலை தொங்கிரும். மூடி போடாத, வேகும்." அப்புறம் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "மேஸ்திரி, அக்காவுக்கு முளை பாக்கப் போகணும். நான் இந்த மூலைய முடிச்சுக் குடுத்துர்றேன். சம்பளத்துல கைய வச்சீங்கன்னா நாளைக்கு வெதைக்குப் பதிலா மணலத்தான் தூவுவேன், ஆமா." மேஸ்திரி இந்தப் பக்கம் திரும்பாமலே கையை ஆட்டினார். போகச் சொல்கிற மாதிரியும் இருந்தது, ஈ ஓட்டுகிற மாதிரியும் இருந்தது.

பஸ்ஸில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சட்டியை எட்டிப் பார்த்து, கீரையா என்றாள். ஆமாம் என்றாள் இருளாயி. ஒவ்வொரு குலுக்கலிலும் முளைகள் தலையை ஆட்டின, ஒன்றும் இல்லாததுக்கெல்லாம் ஆமாம் சாமி போடுகிற ஆட்கள் மாதிரி. பயமாக இருக்கிறதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். இல்லை. வெட்கம்? அதுவும் இல்லை. தூவிய நாள் நினைப்புக்கு வந்தது. ஒச்சம்மா ஓலைக் கொட்டானில் இருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தாள். இருளாயியின் கை அதை வாங்கி, கிழக்கு மேற்காக ஒரு தடவை, தெற்கு வடக்காக ஒரு தடவை, சீராக, ஒரு இடத்தில் கூடாமல் ஒரு இடத்தில் குறையாமல் தூவியது. "இது என்ன ஓம் பூங்காவாடி?" என்றாள் ஒச்சம்மா. யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக்கிக்கொண்டார்கள். சுகந்திக்கு எப்படித் தூவுவது என்று தெரியவில்லை, அவள் ஆட்கள் செத்தவர்களை எரிப்பார்கள், இந்த வழக்கமெல்லாம் இல்லை. அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் முழுசாக விட்டுக் குழி போட்டு, தன் பங்கில் இருந்த மொச்சையை ஒவ்வொன்றாக ஊன்றினாள், அவரைக்கொடி போடுகிற மாதிரி. மூடி, உள்ளங்கையால் தட்டிவிட்டாள். "தூவணும்டி. தோண்டக் கூடாது. அவ்வளவு ஆழத்துல போட்டா அது எந்தக் காலத்துல வெளிய வரும்? ஒண்ணுமே தெரியாதவள வச்சுக்கிட்டு" என்று ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சுகந்தி விரலில் மண்ணோடு எழுந்து நின்றாள். அந்த மண்ணை அவள் வீட்டுக்கு வரும் வரைக்கும் கழுவவில்லை. இருளாயி பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்ப்பது எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை, வாசலிலேயே நிற்கிறது, கட்டைப்பையோடு.

குழிமேட்டில் யாரும் இல்லை. காலையில் எறிந்ததை ஆடு தின்றுவிட்டுப் போயிருந்தது. இருளாயி குத்தவைத்தாள். விரலால் குழி எடுத்து, பத்தையை வைத்து, சுற்றி அணைத்து, மேலே தட்டினாள். கால்மாட்டில் இருந்து தொடங்கினாள். இருபக்கமும் வந்தாள். கை சுறுசுறுப்பாக இருந்தது, சொட்டை அடைக்கிற வேலை அதற்குப் பிடித்த வேலை. பூங்கா மண் செம்மண், லாரியில் வந்து கொட்டியது. இங்கே கரிசல். பத்தையைச் சுற்றிச் செம்மண் தெரியாமல் கரிசலை இழுத்து மூடினாள். மூட மூட, முளைகள் ஒன்றொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. தண்ணீர் ஊற்றினாள். நிமிரவில்லை. பெயர்த்து நட்டது அன்றைக்கே நிமிராது, அவளுக்குத் தெரியாதா, ஒரு ராத்திரியாவது வேண்டும். ராத்திரிக்கு எங்கே போவது. தலைமாட்டுக்கு வந்தாள், கடைசிப் பத்தையைக் கையில் வைத்துக்கொண்டு. அங்கே மண் வெடித்திருந்தது. சின்ன வெடிப்பு, ரொட்டி உப்பிப் பிளந்த மாதிரி. வெடிப்புக்குள், வெளுத்த பச்சையில், கூன் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு கட்டி மண்ணைத் தூக்கிச் சுமந்தபடி ஒரு மொச்சை. காலையில் அது இல்லை. இருந்திருந்தால் கை விட்டிருக்காது. காலையில் கை இதற்கு மேலேதான் போய் வந்திருக்கிறது, இது அடியில் இருந்திருக்கிறது, அவ்வளவு ஆழத்தில். இருளாயி கடைசிப் பத்தையைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள். அப்புறம் ரெண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், ஒச்சம்மாவும் சுகந்தியும் வந்து சேர்ந்தபோது. வேறு யாரையும் ஒச்சம்மா அழைத்து வரவில்லை. நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மருமகனே மருமகனே என்று அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. கால்மாட்டில் வந்து நின்றதும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சுகந்தி தண்ணீர்ச் செம்போடு நாலு அடி தள்ளி நின்றாள். கூப்பிட்டால்தான் கிட்டே வருவாள். "மொளைச்சிருக்கு" என்றாள் ஒச்சம்மா. நம்பாத குரலில் சொன்னாள். அப்புறம் குனிந்தாள். "என்ன எல்லாம் இப்பிடித் தொங்குது?" ஒரு பயறைத் தொட்டாள். ரெண்டு விரலால் பிடித்து லேசாகத்தான் இழுத்தாள். மண்ணோடு அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் செக்கச்செவேலென்று பூங்கா மண். அதை மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வந்தது. இருளாயியைப் பார்க்கவில்லை. வரிசையாக, கால்மாட்டில் இருந்து தலைமாடு வரைக்கும் குனிந்தபடியே வந்தாள், ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதிர்ப்பே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. "யாரு செஞ்ச வேலைடி இது? செத்தவன ஏமாத்தப் பாத்தீகளா? நீயா?" கடைசிக் கேள்வி சுகந்தியைப் பார்த்து. சுகந்தி செம்போடு ஒரு அடி பின்னால் போனாள். ஒச்சம்மாவின் விரல் மொச்சைக்குப் போனது. பிடித்து இழுத்தது. வரவில்லை.

இருளாயிக்கு எப்போது கை தொடையடியில் இருந்து வெளியே வந்தது என்று தெரியாது. ஒச்சம்மாவின் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது. கிழட்டு மணிக்கட்டு, எலும்பு உருண்டது. "அத விடு மதினி." தொண்டையில் இருந்து வந்த சத்தம் யாருடையதோ மாதிரி இருந்தது. "காலைல எல்லாம் மொளைச்சுத்தான் நின்னுச்சு. பிடுங்குனது நானு. இந்தக் கை. நட்டு வச்சதும் நாந்தான், அவளுக்கு ஒண்ணும் தெரியாது." மூச்சு விட வேண்டியிருந்தது, விட்டாள். "இது அவ ஊனுனது. நீ ஆழத்துல போட்டான்னு வைஞ்சியே, அது. இதத் தொடாத." ஒச்சம்மா அவளைப் பார்த்தாள். மொச்சையைப் பார்த்தாள். அது இன்னும் கூன் நிமிராமல், மண்கட்டியைச் சுமந்துகொண்டு, ரெண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. "அன்னைக்கு ராத்திரி அவன் ஒரு சத்தமும் போடலயாடி?" என்றாள் ஒச்சம்மா. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. சுகந்தி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு தடவ இருமுனாரு. கேட்டேன் பெரியம்மா" என்றாள். "நானுந்தான் கேட்டேன்" என்றாள் இருளாயி. ஒரு காக்கா வேலியில் வந்து உட்கார்ந்து, இங்கே தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்து பறந்து போயிற்று. ஒச்சம்மாவின் விரல் ரெண்டும் மெல்ல மொச்சையை விட்டு விலகின. "தண்ணிய அடியில ஊத்துடி" என்றாள், சுகந்தியைப் பார்க்காமலே. "தலையில ஊத்தாத, ஒடிஞ்சிரும்." சுகந்தி மண்டியிட்டாள். தண்ணீர் கரிசலில் கறுப்பாக ஓடி வெடிப்புக்குள் இறங்கியது. "கைய விடு இருளாயி" என்றாள் ஒச்சம்மா, "வலிக்குது." தனக்கும் வலிப்பது இருளாயிக்கு அப்போதுதான் தெரிந்தது, பிடித்த பிடியில் அவளுடைய விரல் கணு ஒவ்வொன்றும் வலித்தது. எட்டு நாளுக்கு அப்புறம் ஏதோ ஒன்று வலித்தது. அவள் விடவில்லை.